இரண்டு நிமிடப் படமும் பெரியப்பாவின் எஞ்சினியரிங்கும்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் கேட்கிறார். மகள் லண்டன் ஓ.எல். முடித்துவிட்டாள், ஏ.எல்லுக்குச் சினிமாதான் படிப்பேன் என்று நிற்கிறாள். கனடாவில் இருக்கும் பெரியப்பாவோ கணிதம், பௌதிகம், இரசாயனம் எடுத்து எஞ்சினியரிங் போகட்டும் என்கிறார். பிள்ளை கெட்டுப்போய்விடுவாளோ என்று அம்மாவுக்கு நித்திரை இல்லை.

கெடமாட்டாள் அம்மா. ஆனால் பௌதிகத்தில் மனம் ஒட்டாத பிள்ளையை ரியூஷனுக்கு மேல் ரியூஷன் அனுப்பினால் இரண்டு வருடமும் போகும், காசும் போகும். அந்த மண்டபத்தில் போய் இருந்து சோதனை எழுதப்போவது பெரியப்பா இல்லை. ஓ.எல். முடித்த கையோடு லட்சக்கணக்கில் கட்டி ஃபில்ம் டிப்ளோமாவில் சேர்ப்பதற்கும் நான் சம்மதிக்கமாட்டேன். அந்தக் காசு பட்டப்படிப்புக்குத் தேவைப்படும்.

இங்கிலாந்தில் ஃபில்ம் ஸ்டடீஸ் என்றே ஒரு ஏ.எல். பாடம் இருக்கிறது. அதைத் தேடிக் கொழும்பில் அலைய வேண்டாம். இங்கே கவனிக்காமல் விடப்படுவது கேம்பிரிட்ஜ் பரீட்சைச் சபையின் ஏ.எல். பாடமான மீடியா ஸ்டடீஸ், பாட இலக்கம் 9607. முதல் பாதியான ஏ.எஸ். மட்டத்தில் புள்ளிகளில் சரிபாதி எழுத்துப் பரீட்சைக்கு, மறுபாதி பிள்ளையே செய்து சேர்த்துக் கொடுக்கும் செய்முறைக் கோவைக்கு. பரீட்சை இரண்டு மணித்தியாலம். முன்பின் பார்க்காத ஒரு காட்சித் துண்டைப் போட்டுக் காட்டுவார்கள். கமரா எங்கே நின்றது, எந்த இடத்தில் வெட்டினார்கள், சத்தம் என்ன சொல்கிறது, அறையில் என்னென்ன வைத்திருக்கிறார்கள் என்று பிள்ளை எழுத வேண்டும். படம் பார்த்துப் பொழுதுபோக்குகிற பாடம் என்று நினைப்பவர்கள் இந்த வினாத்தாளை ஒருதரம் பார்க்கட்டும்.

கோவைக்குச் சஞ்சிகையோ படமோ ஒன்றைத் தெரிவுசெய்யலாம். படம் என்றால், ஒரு புதுப் படத்தின் ஆரம்பக் காட்சியை இரண்டு நிமிடத்தில் எடுக்க வேண்டும். தனியாகவும் செய்யலாம், நாலு பேர் வரை குழுவாகவும் செய்யலாம். திட்டமிட்டது, மாற்றியது எல்லாம் வலைப்பதிவில் ஏற வேண்டும். பிள்ளைகள் வழுக்குவது எங்கே தெரியுமா? ஆரம்பக் காட்சி கேட்டால் ட்ரெய்லர் எடுத்து வருவார்கள், அல்லது இரண்டு நிமிடத்துக்குள் கொலைகாரனையும் பிடித்துவிடுவார்கள். படத்தின் தலைப்பும் பெயர்களும் வரும் பெயரோட்டத்தை மறந்துவிடுவார்கள். ஒரு ஷொட் நாலு செக்கன் என்று வைத்தாலே முப்பது ஷொட் வேண்டும். அந்த முப்பதையும் தாளில் படமாகக் கீறிப் பார்க்காமல் வெளியே இறங்கக்கூடாது.

கமரா வாங்காதீர்கள். கைபேசி போதும், ஒரு ஸ்ராண்டும் சட்டையில் குத்துகிற மைக்கும் இருந்தால் சரி. ரியூப் லைற் வெளிச்சத்தில் படம் துடித்தால் ஷட்டர் வேகத்தை 1/50 செக்கனுக்கு வைக்கச் சொல்லுங்கள், நம்முடைய மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். படத்தைவிடச் சத்தம்தான் ஆளைக் கவிழ்க்கும். காலி வீதியில் பஸ் ஹோர்ன், மரைன் டிரைவில் கடற்காற்று, பக்கத்திலேயே ரயில். வசனக் காட்சியை வீட்டுக்குள் எடுத்து, எல்லோரும் வாயை மூடியிருக்க அந்த அறையின் வெறும் சத்தத்தையும் முப்பது செக்கன் பதிந்துகொண்டால், வெட்டி ஒட்டும்போது கைகொடுக்கும். ரயில் நிலையம் போன்ற இடங்களில் எடுப்பதென்றால் அனுமதி கேட்டு, பாடசாலைக் கடிதமும் கையில் இருக்கட்டும். சினிமாப் பாட்டைத் தூக்கிப் போட்டால் புள்ளிக்கு ஆபத்து.

ஒரு சிக்கல் உண்டு. இந்தக் கோவைக்குப் புள்ளி போடுவது பாடசாலை ஆசிரியர், கேம்பிரிட்ஜ் அதைச் சரிபார்க்கும். ஆகவே ரியூஷன் எடுத்துத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 9607 படிப்பிக்கிறீர்களா, யார் படிப்பிக்கிறார், இதுவரை எத்தனை பிள்ளைகளை அனுப்பியிருக்கிறீர்கள் என்று அதிபரிடம் நேரே கேளுங்கள். இழுத்து இழுத்துப் பதில் வந்தால் விட்டுவிடுங்கள். இதற்காகவே இரட்டிப்புக் கட்டணப் பாடசாலைக்கு மாற்றத் தேவையில்லை. ஆங்கில இலக்கியம் எடுக்கட்டும், இரண்டு நிமிடப் படத்தை விடுமுறையில் எடுக்கட்டும். வெளிநாட்டு ஃபில்ம் பட்டப்படிப்புகள் பெரும்பாலும் ஏ.எல்லில் சினிமா கேட்பதில்லை. பிள்ளை செய்த வேலையையும் எழுத்தையும்தான் பார்க்கிறார்கள்.

மற்றப் பாடங்களில் ஒன்று கணிதமாக இருக்கலாம், அவளுக்கு அது பிடிக்குமென்றால் மட்டும். பெரியப்பாவுக்கு அவளையே பதில் எழுதச் சொல்லுங்கள்.