எல்லாம் 5 லட்சத்துக்குக் கீழதான்

கேள்வி: அண்ணே, எங்க ஆயா கண் ஆபரேஷனுக்கு அரசு ஆஸ்பத்திரிக்கு அலையுது, மூணு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க, லென்ஸ் வரலையாம். காசு எங்க போகுதுன்னு ஊருக்கே தெரியும், ஆனா கோயில்லயும் சரி கல்யாண வீட்லயும் சரி ஒருத்தரும் வாயத் திறக்கறதில்லையே, ஏன்?
(தென்னாப்பிரிக்கா, டர்பன் சாட்ஸ்வொர்த் வாசகி)

பதில்: பயம்தாம்மா, அது வீண் பயமும் இல்ல. பபிதா தியோகரன்னு ஹவுட்டெங் மாகாண சுகாதாரத் துறைல கணக்கு பாத்த பெரிய அதிகாரி, டெம்பிசா ஆஸ்பத்திரி பில்லுங்கள்ல 85 கோடி ராண்ட் சந்தேகமா இருக்கு, தோண்டிப் பாருங்கன்னு மேல எழுதினாங்க, சுமார் மூணு வாரத்துல, 2021 ஆகஸ்ட் 23 காலைல, புள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு வந்தவங்கள வீட்டு வாசல்லயே சுட்டுட்டாங்க. 6 பேர் ஜெயிலுக்குப் போனாங்க, எல்லாம் கூலிக்கு செஞ்சவங்க. இதப் படிச்சப்புறம் எந்த கிளார்க் வாயத் திறப்பான் சொல்லு.

ஆனா பயம் மட்டும்னு சொன்னா பாதிதான் உண்மை. அங்க நடந்தத கவனி, அப்போ 5 லட்சம் ராண்டுக்கு மேல போனா டெண்டர் விடணும், கீழன்னா ஆஸ்பத்திரியே கையெழுத்து போட்டு வாங்கிக்கலாம்னு இருந்துச்சு, அதனால பெரிய ஆர்டர துண்டு துண்டா நறுக்கிட்டாங்க. தனியா ஒரு பில்ல எடுத்துப் பாத்தா திருட்டு மாதிரியே தெரியாது. அதுல ஸ்கின்னி ஜீன்ஸுக்குக் கூட பில் இருந்துச்சு (எந்த வியாதிக்கோ!). 2025 செப்டம்பர்ல அரசு சிறப்புப் புலனாய்வுக் குழு அங்க கொள்ளை போனது 200 கோடி ராண்டுக்கு மேல, பின்னால மூணு கும்பல்னு சொல்லுச்சு.

கல்யாண வீட்லயும் அதே கதைதான், துண்டு துண்டா. பந்தில பக்கத்து இலைக்காரரோட மச்சான் ஆஸ்பத்திரிக்கு சப்ளை பண்றவரு, எதிர் இலைல நம்ம சொந்தக்கார நர்ஸ், யாரப் பத்திப் பேசறது? நானே அம்மா ஸ்கேனுக்கு தெரிஞ்சவருக்கு ஒரு போன் போட்டு கியூவ தாண்டிப் போனவன்தான். வெளிய வரும்போது விடிகாலைலேருந்து பெஞ்சுல உக்காந்திருந்த சூலு பாட்டி ஒண்ணு என்னையே பாத்துச்சு, நான் குனிஞ்சு செருப்ப சரி பண்ற மாதிரி நின்னேன்.

நீ ஒண்ணு பண்ணு, ஆயாவ திருப்பி அனுப்பின ஒவ்வொரு தேதியும் என்ன காரணம் சொன்னாங்கன்னும் நோட்டுல எழுதி வை, முதல்ல ஆஸ்பத்திரில எழுத்துல புகார் குடு, பதில் வரலன்னா ஹெல்த் ஆம்புட் ஆபீசுக்கு (ஆஸ்பத்திரி மேல வர்ற புகார விசாரிக்கற அரசு ஆபீஸ்) அனுப்பு. காப்பி ஒண்ண வீட்ல பத்திரமா வச்சுக்க.