செம்மறிகளுக்கு வாய் வீக்கம், நொண்டல்: ஒதுக்கிக் கட்டியும் பரவுவது ஏன்?

கேள்வி: விளாத்திகுளம் பக்கம் நாற்பது வேம்பூர் ஆடுகள் வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை விட்ட பிறகு நான்கு ஆடுகளுக்குக் காய்ச்சல் கண்டது. உதடும் முகமும் வீங்கி, மூக்கில் சளி காய்ந்து அடைத்திருக்கிறது. இரை எடுக்கவில்லை. இரண்டு நொண்டுகின்றன. கோமாரி என்று நினைத்துத் தனியே கட்டினேன்; இருந்தும் புதிதாக ஆடுகள் படுக்கின்றன. அதே தொழுவில் உள்ள மாடுகளுக்கு ஒன்றும் இல்லை. கல்யாண ஊர்வலத்துக்கு விடும் குதிரை ஒன்றும் உண்டு. அதற்கும் தொற்றுமா ஐயா?

பதில்: உங்கள் மாடுகள் நன்றாக இருப்பதுதான் எனக்குத் துப்பு. கோமாரி என்றால், தடுப்பூசி போடாத மாடு இந்நேரம் எச்சில் ஒழுக நின்றிருக்கும். ஆட்டுக்கொல்லி என்றால் கழிச்சலைப் பற்றி முதல் வரியிலேயே எழுதியிருப்பீர்கள். மழை விட்ட கையோடு செம்மறி மட்டும் படுப்பதால் நீலநாக்கு நோய் என்றே சந்தேகிக்கிறேன். நாக்கு நீலமாகவில்லையே என்று தள்ளிவிடாதீர்கள். பெரும்பாலான ஆடுகளில் அது சிவந்து வீங்குவதோடு சரி. நொண்டும் ஆட்டின் காலைத் தூக்கிப் பாருங்கள். குளம்பும் தோலும் சேரும் விளிம்பில், நூல் சுற்றியதுபோல் செந்நிறக் கோடு தெரியும். விரல் வைத்தால் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். கோமாரிப் புண் பெரும்பாலும் குளம்பிடுக்கில் இருக்கும்.

ஒதுக்கிக் கட்டியும் பரவியதில் வியப்பில்லை. இது ஆட்டுக்கு ஆடு மூச்சிலோ எச்சிலிலோ தாவும் நோய் அல்ல. கியூலிகாய்ட்ஸ் என்ற கடிபூச்சி கொண்டுவருவது. கொசுவிலும் சிறியது, ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர்தான். பெண் பூச்சி மட்டுமே இரத்தம் குடிக்கும். கிருமியுள்ள இரத்தத்தைக் குடித்த பூச்சியின் உடலில் கிருமி பெருகி உமிழ்நீர்ச் சுரப்பியை எட்ட, வெப்பத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதன் பிறகு அது கடிக்கும் ஒவ்வொரு கடியும் ஆபத்து.

அந்த இரத்தம் எங்கிருந்து வருகிறது? அநேகமாக உங்கள் மாட்டிடமிருந்து. மாட்டின் உடலில் இந்தக் கிருமி பல வாரம் தங்கியிருந்தாலும் வெளியே ஒன்றும் காட்டாது. வெள்ளாட்டிலும் பெரும்பாலும் அப்படியே. ஆகவே செம்மறிகளை மாட்டுத்தொழுவை விட்டு நகர்த்துங்கள், அதுவும் மேடான இடத்துக்கு. சாணமும் சிறுநீரும் கலந்த ஈரச்சேற்றில்தான் பூச்சி முட்டையிடுகிறது. கரிசல் மண்ணில் அந்தச் சேறு எளிதில் காயாது. தொட்டி வழிந்து நிற்கும் இடம், எருக்குழி ஓரம், கழிவுநீர் வாய்க்கால் மூன்றையும் முதலில் கவனியுங்கள். வடிகால் வெட்டிச் சரளை கொட்டுங்கள்.

பொழுது சாய்வதிலிருந்து விடியும் வரை பூச்சிக்கு வேட்டை நேரம். சாயங்காலம் சற்று முன்பே அடைத்துவிடுங்கள். சாதாரணக் கொசுவலையின் கண்ணில் இது தாராளமாக நுழைந்துவிடும், காசை வீணாக்காதீர்கள். காற்றை எதிர்த்துப் பறக்கத் திராணியில்லாத பூச்சி. மின்விசிறி ஓடினால் நிற்காது. வேப்பிலை மூட்டம் போடுவது உங்கள் இஷ்டம், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

படுத்த ஆடுகளை நிழலில் வையுங்கள். வெயில் பட்டால் புண் கூடும். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை வெளிர் ரோஜா நிறம் வரும் அளவுக்கு மட்டும் நீரில் கலந்து வாயைக் கழுவி, போரிக் கிளிசரின் தடவுங்கள். கேழ்வரகுக் கூழும் இளம்புல்லும் கொடுங்கள். புட்டியில் ஊற்றிப் புகட்டாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். கிருமியைக் கொல்லும் மருந்து கிடையாது. மருத்துவர் போடும் ஆன்டிபயாடிக் பின்னால் வரும் சளிக்காய்ச்சலுக்கு. கால்நடை மருத்துவ உதவி எண்ணான 1962-க்கு அழைத்து, காய்ச்சல் இருக்கும்போதே இரத்தம் எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். நான் எழுத்தைப் பார்த்துச் சொல்வது சந்தேகம்தான், முடிவு அல்ல.

தடுப்பூசி உண்டு. நம் நாட்டில் 1, 2, 10, 16, 23 ஆகிய ஐந்து வகைக் கிருமிகளுக்கு எதிராக, கிருமியைச் செயலிழக்கச் செய்து தயாரித்த தடுப்பூசியை உருவாக்கியிருக்கிறார்கள். மூன்று மாதம் தாண்டிய குட்டிகளுக்கும் போடலாம். ஆனால் எதிர்ப்புச் சக்தி வரச் சில வாரம் ஆகும். வடகிழக்குப் பருவமழைக்கு ஒரு மாதம் முன்னால், ஆவணியிலேயே முடித்துவிட வேண்டும். ஒருமுறை வந்து பிழைத்த ஆடு தப்பித்தது என்றும் எண்ண வேண்டாம். ஒரு வகைக்கு வந்த எதிர்ப்பு இன்னொரு வகையைத் தடுக்காது.

குதிரைக்கு நீலநாக்கு வராது, உங்களுக்கும் வராது. ஆனால் இதே பூச்சி பரப்பும் ஆப்பிரிக்கக் குதிரைக் கொள்ளைநோய் என்று ஒன்று உண்டு. 2020-இல் தாய்லாந்தில் நுழைந்து நூற்றுக்கணக்கான குதிரைகளைக் கொன்றது. 1960 வாக்கில் இந்தியாவையும் தாக்கியிருக்கிறது. இப்போது இங்கே இல்லை. உங்கள் குதிரைக்கு வரக்கூடியது கடியினால் உண்டாகும் ஒவ்வாமை அரிப்பு. பிடரியையும் வால் அடியையும் சுவரில் தேய்த்து மயிர் உதிர்த்துக்கொண்டால் அதுவாக இருக்கலாம். இரவில் உடம்பை மூடும் மெல்லிய துணி போர்த்தி, ஒரு மின்விசிறியை அதன் பக்கமும் திருப்பிவையுங்கள்.