நிலவறைச் சிறை – கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சிறைக் காவலர்களின் வன்முறை பற்றிய கட்டுரையில் தனிமனிதப் பொறுப்பை வலியுறுத்தியிருந்தீர்கள். ஆனால் 1971இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனை வேறு கதை சொல்கிறதே? சீருடையும் தடியும் கொடுத்ததும், சாதாரண மாணவர்கள் ஆறே நாளில் மிருகமாகிவிட்டார்கள். குற்றம் நாற்காலியுடையதா, உட்காருபவருடையதா?

முரளி, கரூர்

அன்புள்ள முரளி,

நானும் பல ஆண்டுகள் அந்தக் கதையை மேடைகளில் அப்படித்தான் சொன்னேன். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

நாளுக்கு 15 டாலர் ஊதியம், 24 இளைஞர்கள், உளவியல் துறையின் நிலவறையில் ஒரு போலிச் சிறை. யார் காவலர், யார் கைதி என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். இதுவரை சரி. ஆனால் காவலர்கள் தாமாகவே கொடியவர்களானார்கள் என்பதுதான் இடிக்கிறது. கைதிகளை அடிக்கக் கூடாது, ஆனால் அவர்களுக்குச் சலிப்பையும் பயத்தையும் உண்டாக்கலாம் என்று ஆய்வை நடத்திய பேராசிரியர் ஃபிலிப் சிம்பார்டோவே முன்கூட்டிச் சொல்லியிருந்தார். சிறைத் தலைவராக இருந்த மாணவர், இளகிய மனம் கொண்ட ஒரு காவலரிடம் இன்னும் கடுமை காட்டச் சொல்லி மன்றாடும் ஒலிப்பதிவும் இருக்கிறது. அதட்டல் ஏதும் இல்லை. சிறைகளைச் சீர்திருத்தத்தான் இதெல்லாம் என்று நயமாகப் பேசுகிறார். பிரெஞ்சு ஆய்வாளர் திபோ லெ டெக்ஸியே ஆவணங்களைக் கிளறி 2018இல் எழுதிய நூலுக்குப் பிறகு இவையெல்லாம் பரவலாகப் பேசப்பட்டன.

இன்னொன்று. காவலர்களில் கொடூரமாக நடந்தவர்கள் சிம்பார்டோவின் கணக்குப்படியே மூன்றில் ஒரு பங்குதான். உளவியலாளர் எரிக் ஃப்ராம் 1973லேயே இதைச் சுட்டிக்காட்டினார். மீதிப்பேரும் அதே சீருடையில்தான் இருந்தார்கள். சிலர் கைதிகளுக்குச் சின்னச் சின்ன உதவிகள்கூடச் செய்தார்கள். அவர்களை நம் மேடைக் கதையில் யாரும் சேர்ப்பதில்லை. ஆகவே நாற்காலியா, ஆளா என்று கேட்பதற்கு முன், இந்தக் கொடுமை நல்ல காரியத்துக்குத்தான் என்று காதோடு சொன்னவர் யார் என்று நான் கேட்பேன்.

2001இல் பிபிசிக்காக உளவியலாளர்கள் ரெய்ச்சரும் ஹஸ்லமும் இதுபோன்ற ஓர் ஆய்வை நடத்தினார்கள். காவலர்களை இப்படி யாரும் முடுக்கிவிடவில்லை. அவர்கள் அதிகாரத்தைக் கையிலெடுக்கவே தயங்கினார்கள். கைதிகள் ஒன்றுசேர்ந்து அமைப்பையே கவிழ்த்தார்கள். அதோடு முடிந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கவிழ்த்தபின் அமைத்த சமத்துவக் குழு ஆட்டம்கண்டது. சிலர் முன்னைவிடக் கடுமையான ஆட்சியைக் கொண்டுவரத் திட்டமிட்டார்கள். ஆய்வு அத்துடன் நிறுத்தப்பட்டது.

தொலைக்காட்சிக் கேமராவுக்கு முன் நடந்ததை எப்படி ஆய்வு என்பது என்று சிம்பார்டோ ஆட்சேபித்தார். நியாயம்தான். அவருடைய நிலவறையிலும் கேமரா இருந்தது.