கேளுங்க சொல்றோம்: ஒரே பேர், எத்தனை ராஜா?

கேள்வி: பையனோட ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு "குலோத்துங்க சோழன்"னு கலைக்களஞ்சியத்துல தேடினா மூணு பேர் வந்து நிக்கறாங்க. பரணி பாடினது யாருக்கு, கோயில் கட்டினது யார்னு ஒண்ணும் புரியல. எப்படிப் பிரிச்சுப் பாக்கறது?

பதில்: முதல்ல ஒரு விஷயம், அந்த ராஜாக்கள் யாரும் தங்களை "முதலாம்", "இரண்டாம்"னு சொல்லிக்கல. அந்த நம்பர் எல்லாம் பின்னாடி வந்த வரலாற்று ஆய்வாளர்கள் போட்டது, அதனால கல்வெட்டுல போய் "மூன்றாம் குலோத்துங்கன்"னு தேடினா கிடைக்கவே கிடைக்காது.

உங்க பையனுக்கு வேண்டியது இதுதான். ஜெயங்கொண்டார் கலிங்கத்துப்பரணி பாடினது முதலாமவர் மேல (1070–1122), சுங்கம் தவிர்த்த சோழன்னு சொல்றதும் இவரைத்தான். சேக்கிழார் பெரியபுராணத்துல வர்ற அனபாயன், இரண்டாமவர்தான்னு (1133–1150) பெரும்பாலானவங்க சொல்றாங்க. திருபுவனம் கம்பகரேசுவரர் கோயில் மூன்றாமவர் (1178–1218) கட்டினது.

சோழர்கள்ட்ட இன்னொரு வசதி இருக்கு, பலபேர் இதைக் கவனிக்கறதே இல்ல. ராஜகேசரி, பரகேசரின்னு ரெண்டு பட்டம் மாத்தி மாத்தி வரும். அப்பா ராஜகேசரின்னா அடுத்து வர்றவர் பரகேசரி. முதலாமவரும் இரண்டாமவரும் (நடுவுல வேற ராஜா ஆண்டதால) ராஜகேசரி, மூன்றாமவர் பரகேசரி, அதனால கல்வெட்டுல "பரகேசரி குலோத்துங்கன்"னு இருந்தா அங்கயே முடிவாயிடும். ராஜகேசரின்னு இருந்தா? ஆட்சியாண்டைப் பாருங்க. 45-வது ஆண்டுன்னு போட்டிருந்தா அது முதலாமவரேதான், ஏன்னா இரண்டாமவர் ஆண்டதே 17 வருஷம் போலத்தான். 10-வது ஆண்டுன்னு இருந்தாதான் தலைவலி, அப்போ மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டுத் தொடக்கத்துல ராஜாவைப் புகழ்ற பகுதி, எப்படி ஆரம்பிக்குதுன்னு பாக்கணும், "புகழ்மாது விளங்க"ன்னு இருந்தா முதலாமவர்.

இதுல ஒரு கூடுதல் குழப்பம் வேற இருக்கு. முதலாம் குலோத்துங்கனுக்கு ஆரம்பத்துல இருந்த பேரே ராஜேந்திரன், அவர் கங்கைகொண்ட சோழனோட பொண்ணு அம்மங்கைதேவிக்குப் பிறந்தவர், தாத்தா பேரு பேரனுக்கு. ஆட்சியோட முதல் சில வருஷத்துக் கல்வெட்டுல ராஜேந்திர சோழன்னேதான் இருக்கும். அதைப் படிச்சிட்டு தாத்தா கணக்குல எழுதிடுவாங்க. ஆனா தாத்தா பரகேசரி, பேரன் ராஜகேசரி, அந்த ஒரு சொல் கண்ணுல பட்டா போதும்.

கேள்வி: நான் விக்கிப்பீடியால அப்பப்போ கட்டுரை எழுதுறேன். ஒரே பேர்ல பலர் இருந்தா தலைப்புல என்ன போடணும்? நம்பர் போட்டா போதாதா?

பதில்: போதாது சார். "முதலாம் சுந்தரபாண்டியன்"னு ஒரு தலைப்பு வச்சுப் பாருங்க, ரெண்டு பேர் வந்து உக்காந்துக்குவாங்க. 1216-ல பட்டத்துக்கு வந்த முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன், "சோணாடு கொண்டருளிய"ங்கிறவர். 1251-ல வந்த முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியன், "எம்மண்டலமும் கொண்டருளிய"ங்கிறவர், சிதம்பரத்துலயும் ஸ்ரீரங்கத்துலயும் பொன் வேய்ஞ்சவர். ரெண்டு பேருமே முதலாம்தான்! மாறவர்மன், சடையவர்மன்கிறதை தலைப்புல விட்டா வாசகர் தொலைஞ்சார்.

புலவர்கள்னா நம்பரும் கிடையாது, காலம்தான் கை கொடுக்கும். அதியமான் நெல்லிக்கனி குடுத்த ஔவையார் சங்ககாலம், ஆத்திசூடி பாடின ஔவையார் பல நூற்றாண்டு தள்ளி வந்தவர். கதைகள்ல எல்லாத்தையும் ஒரே பாட்டி தலைல கட்டிட்டாங்க, கதைக்கு அது சரி, கலைக்களஞ்சியத்துல கட்டக்கூடாது. நக்கீரரும் அப்படித்தான், நெடுநல்வாடை பாடினவர் ஒருத்தர், பதினோராம் திருமுறைல வர்ற நக்கீரதேவ நாயனார் வேறன்னு சொல்ற ஆய்வாளர்கள் இருக்காங்க. இந்த மாதிரி கருத்து வேறுபாடு இருக்கற இடத்துல நீங்களா தீர்ப்பு சொல்லிடாதீங்க, யார் என்ன சொல்றாங்கன்னு கட்டுரைக்குள்ளயே எழுதிடுங்க.

ஒரே பேர்ல இருக்கறவங்களைப் பட்டியல் போட்டுச் சரியான கட்டுரைக்கு வழிகாட்டற பக்கத்தை பக்கவழி நெறிப்படுத்தல் பக்கம்னு தமிழ் விக்கில சொல்றாங்கல்ல, அதுல ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல ஒரே வரி போதும்: எந்த வம்சம், எந்தக் காலம், எதுக்காகத் தெரிஞ்சவர். அங்க போய் முழு வரலாறு எழுத வேண்டாம். அதை விட முக்கியமான வேலை ஒண்ணு இருக்கு, மத்த கட்டுரைகள்ல இருந்து வெறும் "சுந்தரபாண்டியன்"னு வர்ற இணைப்புகளை ஒவ்வொண்ணா திறந்து சரியான ஆளுக்குத் திருப்பி விடறது. போரடிக்கும்தான், ஆனா இதை விட்டா ஒருத்தரோட போர் இன்னொருத்தர் கட்டுரைல போய் சேர்ந்துரும், அப்புறம் அதைப் பாத்து நாலு பேர் காப்பி பண்ணுவாங்க.

கேள்வி: முதலாம் சந்திரகுப்தர்னா சாணக்கியர் கூட இருந்த மௌரியர்தானே?

பதில்: இல்லைங்க. மௌரியருக்கு நம்பரே கிடையாது. முதலாம் சந்திரகுப்தர் குப்த வம்சம், சமுத்திரகுப்தரோட அப்பா. மௌரியர் கி.மு. 4-ம் நூற்றாண்டு, இவர் கி.பி. 4-ம் நூற்றாண்டு, நடுவுல 600 வருஷத்துக்கு மேல இருக்கு. கி.மு., கி.பி. பாக்காம வெறும் வருஷத்தை மட்டும் பாத்தா ஒரே ஆள் மாதிரிதான் தெரியும், கவனம்.

கேள்வி: பழைய சேரநாட்டுத் துறைமுகம் முசிறி பத்தி எழுதின ரோமானியர் ப்ளினியும் வெசுவியஸ் எரிமலை பத்திக் கடிதம் எழுதின ப்ளினியும் ஒண்ணா?

பதில்: மாமாவும் மருமகனும். முசிறியைப் பத்தி எழுதினது மூத்த ப்ளினி, 37 பகுதியா இயற்கை வரலாறு எழுதினாரே அவர். கி.பி. 79-ல வெசுவியஸ் வெடிச்சப்போ அங்கயே செத்துப் போனார். அவரோட அக்கா தங்கச்சி வழில வந்த பையன்தான் இளைய ப்ளினி, மாமா எப்படிச் செத்தார்னு பின்னாடி ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்குக் கடிதம் எழுதினது இவர். ரோமச் சக்கரவர்த்தி டிராஜன் கூட கடிதப் போக்குவரத்துன்னு எங்கயாவது படிச்சா யோசிக்கவே வேண்டாம், அது இளையவர்தான், டிராஜன் பட்டத்துக்கு வந்தது 98-ல, அப்போ மாமா உயிரோட இல்ல.