வீட்டுக் கணினியோடு ஒத்துப்போகும் டேஷ்கேம்: கேள்வி பதில்

டேஷ்கேம், அதாவது வண்டியில் மாட்டிப் பயணத்தைப் பதிவு செய்யும் கேமரா, வாங்கும்போது பலரும் லென்ஸையும் அட்டைப்பெட்டியில் இருக்கும் ‘4கே’ என்ற எழுத்தையும் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். வீடியோ உண்மையிலேயே தேவைப்படும் நாளில்தான் கணினியில் அது திறக்கவில்லை, தேதி தப்பு, கோப்பையே காணோம் என்று ஒவ்வொன்றாகத் தெரியவருகிறது. இதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், முதல் முறையாக வாங்கப் போகிறேன். வீட்டில் இருப்பது பழைய விண்டோஸ் லேப்டாப். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

மெமரி கார்டைக் கழற்ற முடிகிற கேமராவா என்பதை முதலில் பாருங்கள். சில மாடல்களில் கார்டே கிடையாது, நினைவகம் உள்ளேயே பொதிந்திருக்கும். அந்தக் கேமரா விபத்தில் நசுங்கினாலோ சார்ஜ் போர்ட் பழுதானாலோ வீடியோவை வெளியே எடுப்பது பெரும்பாடு. கார்டு இருந்தால் கேமரா செத்தாலும் வீடியோ பிழைக்கும்.

அடுத்தது கோப்பு வகை. சாதாரண எம்பி4 கோப்பாகச் சேமிக்கிற கேமராவாக இருக்கட்டும். தயாரிப்பாளரின் சொந்த மென்பொருளில் மட்டும் திறக்கிற கோப்பு என்றால் எனக்கு ஆகவே ஆகாது. அந்த நிறுவனம் மென்பொருளைக் கைவிட்ட அன்றே உங்கள் பழைய பதிவுகளும் முடங்கிவிடும்.

மூன்றாவதாக, செட்டிங்ஸில் ஹெச்.264, ஹெச்.265 என்ற வீடியோச் சுருக்க முறைகள் (கோடெக்) இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்று பாருங்கள். உங்கள் லேப்டாப் பழையது என்பதால் இது முக்கியம். ஹெச்.265 கார்டில் குறைந்த இடம்தான் பிடிக்கும், ஆனால் அதை விரித்துக் காட்டக் கணினி அதிகம் உழைக்க வேண்டும். இன்டெல் சிப்களில் 2015-இல் வந்த 6-ஆம் தலைமுறையிலிருந்துதான் அதற்கான வன்பொருள் ஒழுங்காக இருக்கிறது. அதற்கு முந்தையதில் 4கே வீடியோ விட்டு விட்டுத்தான் ஓடும். பயனர் கையேட்டை வாங்கும் முன்பே தயாரிப்பாளரின் தளத்தில் இறக்கிப் படித்துவிடுங்கள். விளம்பரத்தில் இல்லாத விவரமெல்லாம் அதில் இருக்கும்.

கேள்வி: வாங்கிவிட்டேன். கணினியில் போட்டால் சத்தம் மட்டும் கேட்கிறது, திரை கருப்பாக இருக்கிறது. கேமரா பழுதா?

பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. ஹெச்.265 கோடெக் உங்கள் விண்டோஸில் இல்லாமல் இருக்கலாம். விஎல்சி பிளேயர் இலவசம், கோடெக்கைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது, அதில் திறந்து பாருங்கள். விண்டோஸின் சொந்தப் பிளேயரே வேண்டும் என்றால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் அதற்கான எக்ஸ்டென்ஷன் கிடைக்கும். மேக் வைத்திருப்பவர்களுக்கு 2017-இல் வந்த ஹை சியராவிலிருந்து இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: அண்ணா, கேமராவை யுஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்தால் டிரைவே காட்டவில்லை. ரெக்கார்டிங்தான் ஆரம்பிக்கிறது.

கேபிளை மாற்றிப் பாருங்கள் தம்பி. வண்டியில் சார்ஜருக்கென்று கொடுக்கும் கேபிள்கள் பலவற்றில் மின்சாரக் கம்பி மட்டும்தான் இருக்கும், தரவுக் கம்பி இருக்காது. கேமராவுக்கு அது வண்டி சார்ஜர் மாதிரியே தெரியும், உடனே ரெக்கார்ட் செய்யத் தொடங்கிவிடும். தரவுக் கேபிள் போட்டதும் பல கேமராக்கள் திரையில் ‘மாஸ் ஸ்டோரேஜ்’ வேண்டுமா, ‘பிசி கேமரா’ வேண்டுமா என்று கேட்கும். முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் டிரைவ் வந்துவிடும்.

ஆனாலும் கார்டு ரீடர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். பெரும்பாலான டேஷ்கேம்களின் போர்ட் யுஎஸ்பி 2.0 வேகம்தான். நொடிக்கு 30 எம்பி என்று வைத்தால் 64 ஜிபி கார்டை நகலெடுக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நல்ல யுஎஸ்பி 3 ரீடரும் நல்ல கார்டும் இருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

கேள்வி: 128 ஜிபி கார்டு போட்டிருக்கிறேன். நேற்றுக் காலை ஓட்டிய வீடியோவையே காணோம். எத்தனை மணி நேரம்தான் பதிவாகும்?

நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். செட்டிங்ஸிலோ கையேட்டிலோ பிட்ரேட் (நொடிக்கு எவ்வளவு தரவு எழுதப்படுகிறது) என்று ஒரு எண் இருக்கும். 1080பி பதிவுக்கு நொடிக்கு 16 மெகாபிட் என்றால், எட்டால் வகுத்தால் 2 எம்பி. மணிக்கு 7.2 ஜிபி. முன்பக்கம் 4கே 50 மெகாபிட், பின்பக்கம் 16 என்று இரண்டும் ஓடினால் மணிக்குக் கிட்டத்தட்ட 30 ஜிபி. அப்படியானால் உங்கள் 128 ஜிபி கார்டு நாலு மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அப்புறம் பழையதன் மேல் புதியதை எழுதத் தொடங்கிவிடும். பார்க்கிங் மோடு போட்டிருந்தால் இரவெல்லாம் நின்ற வண்டியின் பதிவே காலைப் பதிவை அழித்திருக்கும்.

முக்கியமாக ஏதாவது நடந்தால் அந்த இடத்திலேயே லாக் பட்டனை அழுத்துங்கள். பெரும்பாலான கேமராக்களில் பூட்டிய கோப்புகள் தனி ஃபோல்டருக்குப் போகும், சுழற்சியில் அழியாது. கணினியில் தேடும்போது அந்த ஃபோல்டரையும் பார்க்க மறக்க வேண்டாம். காணோம் என்று சொல்கிற வீடியோ பல நேரம் அங்கேதான் இருக்கிறது. அதோடு, அதிர்வை உணர்ந்து தானாகவே கோப்பைப் பூட்டும் ஜி-சென்சாரின் உணர்திறனைக் குறைத்து வையுங்கள். குழிக்கெல்லாம் ஒரு கோப்பைப் பூட்டிக்கொண்டே போனால் புதுப் பதிவுக்கு இடம் சுருங்கிவிடும்.

கேள்வி: லினக்ஸில் வேலை செய்யுமா?

கார்டைப் படிப்பதில் சிக்கல் இல்லை. 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் வழக்கமாக எக்ஸ்ஃபாட் என்ற கோப்பு முறையில் வரும், லினக்ஸின் மையமான கெர்னலில் 2020-இல் வந்த 5.7 பதிப்பிலிருந்து அதற்கு நல்ல டிரைவர் உள்ளேயே இருக்கிறது. தயாரிப்பாளரின் பிளேயர்தான் லினக்ஸுக்கு அநேகமாக இருக்காது. ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) புதுப்பிப்பைக் கார்டில் கோப்பாகப் போட்டுச் செய்கிற கேமராவாகத் தேர்ந்தெடுங்கள். எந்தக் கணினியிலிருந்தும் செய்துவிடலாம்.

கேள்வி: ஜிபிஎஸ் உள்ள கேமரா வாங்கினேன். விஎல்சியில் வேகமோ வரைபடமோ எதுவுமே தெரியவில்லையே?

பல கேமராக்கள் இடத்தையும் வேகத்தையும் எம்பி4 கோப்புக்குள்ளேயே தனி அடுக்காகப் பொதித்து வைக்கின்றன. சாதாரண பிளேயர் அதைத் தாண்டிப் போய்விடும். தயாரிப்பாளரின் பிளேயர், அல்லது விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடும் டேஷ்கேம் வியூவர் அதைப் படிக்கும். உங்கள் மாடல் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டளை வரியில் வேலை செய்யத் தெரிந்தவர்களுக்கு எக்ஸிஃப்டூல் இலவசமாகவே பல மாடல்களின் ஜிபிஎஸ் தரவை உருவித் தரும்.

நேர மண்டலத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். ஜிபிஎஸ் தருவது உலகப் பொது நேரம். மண்டலத்தைச் சரியாக வைக்காவிட்டால் வீடியோவின் மேல் விழும் நேரம் மணிக்கணக்கில் தள்ளியிருக்கும். அப்படி ஒரு பதிவைச் சாட்சியாகக் கொடுத்தால் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான்.

கேள்வி: காப்பீட்டுக்கு ஒரு நிமிட வீடியோ கொடுக்க வேண்டும். மெசேஜ் ஆப்பில் அனுப்பினால் நம்பர் பிளேட் மங்கிவிடுகிறது.

அந்த வகை ஆப்கள் வீடியோவாக அனுப்பினால் அதை நசுக்கித்தான் அனுப்பும். நகரும் வண்டியின் நம்பர் பிளேட்டில் ஏற்கெனவே இருப்பதே கொஞ்சம் விவரம், அதுவும் போய்விடுகிறது. கார்டிலிருந்து எடுத்த மூலக் கோப்பை அப்படியே பென் டிரைவிலோ கிளவுட் இணைப்பிலோ கொடுங்கள். வெட்டியே ஆக வேண்டும் என்றால் லாஸ்லெஸ்கட் போன்ற மென்பொருளில் வெட்டுங்கள். அது வீடியோவை மறுபடி சுருக்கி எழுதாது (என்கோட் செய்யாது), தரம் துளியும் குறையாது. நினைத்த நொடிக்குச் சற்று முன்னால் வெட்டு விழும், அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. மூலக் கோப்பைத் தொடாமல் தனியாக ஒரு பிரதி கட்டாயம் வைத்திருங்கள். விண்டோஸில் நகலெடுத்தால் ‘உருவாக்கிய தேதி’ மாறிவிடும், ‘மாற்றிய தேதி’தான் பதிவான நேரத்தைக் காட்டும். யாராவது கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: மோதிய அந்த வீடியோ மட்டும் திறக்க மறுக்கிறது. மற்றதெல்லாம் ஓடுகிறது. மீட்க முடியுமா?

முடியக்கூடும், பதற வேண்டாம். மோதலில் மின்சாரம் அறுந்திருக்கும். எம்பி4 கோப்பின் அட்டவணை பெரும்பாலும் பதிவு முடியும்போதுதான் எழுதப்படுகிறது. அது எழுதப்படாததால் காட்சிகள் கார்டில் இருந்தும் பிளேயருக்கு அவற்றைப் படிக்க வழி தெரியவில்லை.

முதலில் அந்தக் கார்டைக் கேமராவில் மறுபடி போடாதீர்கள். ‘ஃபார்மட் செய்ய வேண்டுமா’ என்று கணினி கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கார்டு முழுவதையும் கணினியில் நகலெடுத்துவிட்டு, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். அன்ட்ரங்க் என்ற இலவசக் கருவி, அதே கேமராவில் அதே செட்டிங்ஸில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால் உடைந்த கோப்பின் அட்டவணையைத் திரும்பக் கட்ட முயலும். கோப்பே அழிந்திருந்தால் ஃபோட்டோரெக் என்ற மீட்புக் கருவி; அழிந்த கோப்பு சாதாரண நகலில் வராது என்பதால் அதை மட்டும் கார்டிலேயே ஓட்டி, மீட்டதைக் கணினியில் சேமியுங்கள்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு: டிஎஸ் வகைக் கோப்பாகப் பதிவு செய்யும் கேமராக்களில் மின்சாரம் அறுந்தாலும் அதுவரை பதிவானது ஓடும். மேக்கின் குவிக்டைமில் அது திறக்காவிட்டால் விஎல்சி திறக்கும். உள்ளே பேட்டரிக்குப் பதில் சூப்பர்கெப்பாசிட்டர் என்ற மின்சேமிப்பான் இருக்கும் கேமரா, மின்சாரம் போன பிறகும் கோப்பை மூடுகிற அளவுக்குச் சில நொடி தாங்கும், வெயிலில் உப்பவும் செய்யாது. இந்த ஒன்றுக்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

கேள்வி: கார்டு எது வாங்கலாம்? மலிவாக ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.

‘எண்டியூரன்ஸ்’ என்று குறிப்பிட்ட கார்டு வாங்குங்கள், தொடர்ந்து எழுதி அழிப்பதற்கென்றே செய்தது அது. கேமரா எத்தனை ஜிபி வரை ஏற்கும் என்பதைக் கையேட்டில் பாருங்கள். மலிவு கார்டுகளில் போலி அதிகம். 128 ஜிபி என்று காட்டும், உள்ளே அதில் கால்வாசிகூட இருக்காது. விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்ற கருவிகள் கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். கடையில் திருப்பிக் கொடுக்க அவகாசம் இருக்கும்போதே இதைச் செய்துவிட்டு, பிறகு கேமராவிலேயே ஃபார்மட் செய்து பயன்படுத்துங்கள்.