தம்பியின் கையெழுத்தில் போகும் லாரி

கேள்வி: திருவொற்றியூரில் வசிக்கிறேன். என் தம்பி மணலி பக்கம் ஒரு லாரி போக்குவரத்து அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார். அரசு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றின் பெயரில் வரும் வெடிபொருள் அந்த நிறுவனத்துக்குப் போகாமல் கல்குவாரிகளுக்குப் போகிறது என்று இரண்டு மாதம் முன்புதான் தெரிந்துகொண்டாராம். இன்னமும் ரசீதுகளில் கையெழுத்துப் போடுகிறார். முதலாளி தனியாகப் பணம் தருகிறார். “அரசாங்கக் காகிதம் இருக்கிறதே, நமக்கென்ன?” என்கிறார் தம்பி. வெளியே சொன்னால் அவன் வாழ்க்கை போய்விடும் என்று அம்மா அழுகிறார். நான் என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

தம்பி சிறைக்குப் போய்விடுவாரோ என்ற பயம் உங்கள் கடிதம் முழுவதும் தெரிகிறது. அவரைக் காப்பாற்ற வேண்டும் என்பதால்தான் நான் கண்டிப்பாகப் பேசுகிறேன்: அவர் இனி ஒரு ரசீதில்கூடக் கையெழுத்துப் போடக்கூடாது. விவரம் தெரியாமல் போட்ட கையெழுத்தையும் தெரிந்தே போட்ட கையெழுத்தையும் சட்டம் ஒன்றாகப் பார்க்காது. இந்த இரண்டு மாதம்தான் அவருக்கு ஆபத்து.

அரசாங்கக் காகிதம் அவரைக் காப்பாற்றாது. வெடிபொருள் உரிமம் இன்னாருக்கு, இந்த இடத்தில், இவ்வளவு அளவு என்று வரையறுத்துத் தரப்படுவது. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ எனும் மத்திய அமைப்பு இதைக் கண்காணிக்கிறது. ஆராய்ச்சிக்கு என்று வாங்கியதைக் குவாரியில் இறக்கினால் அந்தக் காகிதமே குற்றத்துக்குச் சாட்சியாகிவிடும். 1908-ஆம் ஆண்டு வெடிமருந்துப் பொருள் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, அச்சட்டத்தின்கீழ் வரும் குற்றத்துக்குப் பணமோ இடமோ பொருளோ தந்து உதவியவருக்கும் செய்தவருக்குரிய தண்டனையையே சொல்கிறது.

ஆராய்ச்சி நிறுவனத்தின் பெயர் இருந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை என்பதுதான் இந்த வியாபாரத்தின் பலம். 1999 செப்டம்பரில் மாஸ்கோவில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டு இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பிறகு, அங்கே ஓர் அரசு ஆராய்ச்சி நிறுவனம் ராணுவக் கிடங்குகளிலிருந்து ஹெக்சோஜனை, அதாவது நாம் ஆர்.டி.எக்ஸ். என்று அறிந்ததை, வாங்கி வேறு பெயரில் கைமாற்றியது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. குற்றச்சாட்டு என்ற அளவில்தான் சொல்கிறேன். ஆனால் கணக்கிலிருந்து நழுவிய வெடிபொருள் கடைசியில் யார் கைக்குப் போகும் என்று முதலில் விற்றவனுக்கே தெரியாது. குவாரிக்குத்தான் போகிறது என்று உங்கள் தம்பி நம்புகிறார். அது முதலாளி சொன்னதுதானே?

வேறொன்றும் என்னை உறுத்துகிறது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச்சாலையில் மணிக்கணக்கில் வரிசைகட்டி நிற்பதை நீங்கள் தினமும் பார்ப்பவர். ஓட்டுநர்கள் லாரி ஓரத்திலேயே அடுப்பு மூட்டிச் சமைக்கிறார்கள். பக்கத்திலேயே வீடுகள், சற்றுத் தள்ளி மணலி சுத்திகரிப்பு ஆலை. திருட்டுச் சரக்குக்கு ‘வெடிபொருள்’ என்று எச்சரிக்கைப் பலகை மாட்டுவார்களா? தீப்பிடித்தால் தீயணைப்பு வீரருக்குக்கூட உள்ளே இருப்பது என்னவென்று தெரியாது. சென்னைத் துறைமுகத்தில் 2015-இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட் மணலியில் கிடந்தது பலருக்கு உறைத்ததே, 2020 ஆகஸ்ட் 4 அன்று லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தில் அதே பொருள் வெடித்த பிறகுதான். அதன் பின்னரே அது ஹைதராபாத்துக்கு அனுப்பப்பட்டது. அதுவாவது அதிகாரிகளின் கணக்கில் இருந்த சரக்கு.

இந்த வாரமே ஒரு குற்றவியல் வழக்கறிஞரைப் பாருங்கள். பணம் தடையென்றால் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அழையுங்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், அங்கே இலவச உதவி உண்டு. தம்பி வழக்கறிஞருடன் காவல் ஆணையர் அலுவலகத்துக்குப் போய்த் தானே சொல்லட்டும். பிடிபட்டபின் சொல்வதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அப்ரூவராக, அதாவது மற்றவர்களுக்கு எதிராக உண்மையைச் சொல்ல முன்வரும் கூட்டாளியாக, ஏற்று மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அதை யாரும் முன்கூட்டி உறுதி தர முடியாது. மிரட்டல் வந்தால், 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் பாதுகாப்புக் கேட்கலாம்.

அதுவரை முதலாளியிடம் சண்டை வேண்டாம். காகிதங்களைக் கிழிக்க வேண்டாம், பெட்டிகளைத் திறந்து பார்க்கவும் வேண்டாம். நினைவிலுள்ள தேதிகளையும் வண்டி எண்களையும் தன் கையால் எழுதி வழக்கறிஞரிடம் தரட்டும். தனியாக வாங்கிய பணத்தையும் மறைக்காமல் சொல்லட்டும். சரக்கு ஏற்றிய வண்டி ஏதாவது தெருவில் நிற்கிறது என்று தெரிந்தால் மட்டும் வழக்கறிஞருக்காகக் காத்திருக்காதீர்கள். உடனே 112-ஐ அழையுங்கள்.

அம்மாவின் அழுகை எனக்குப் புரிகிறது. சொன்னால் மகனுக்கு ஒரு வழக்கு வரலாம், அதைச் சந்திக்க வழி இருக்கிறது. சொல்லாமல் விட்டு ஒரு நாள் வெடித்தால், ரசீதில் இருக்கப்போவது முதலாளியின் பெயரல்ல, அவருடைய மகனின் கையெழுத்து என்று அம்மாவிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் தம்பி மறுத்தால் நீங்களே போங்கள். சொல்வதற்குக் கடினமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் போங்கள். குற்றத் தகவல் யாரிடமிருந்து வந்தது என்று சொல்லும்படி காவல் அதிகாரியைச் சாட்சிக் கூண்டில்கூடக் கட்டாயப்படுத்த முடியாது. உங்கள் பெயர் வெளியே வர வேண்டாம் என்று முதல் பேச்சிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.