கிடாரமும் கருங்கரடியும்: ஏரிக்கரைக் குழு முகாம் பற்றிய வாசகர் கேள்விகள்

கோடை விடுமுறைப் பயணங்களைப் பற்றிக் கேட்டிருந்த வாசகர்களுள் பலர், பல குடும்பங்கள் ஒன்றாகச் சேர்ந்து காட்டு ஏரிக்கரையில் கூடாரமிட்டுத் தங்குவதைப் பற்றியே எழுதியிருந்தனர். ஆகையால் இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் பழைய மாணவர் சங்கத்தைச் சேர்ந்த ஒன்பது குடும்பங்கள், குழந்தைகளும் முதியவர்களுமாக 34 பேர், வரும் கோடையில் அல்கொன்குவின் பூங்காவில் இரண்டு இரவுகள் தங்க விரும்புகிறோம். அருகருகே ஆறு கூடார இடங்களைப் பதிவு செய்வதா, குழு முகாமை எடுப்பதா? எந்த மாதம் உகந்தது?
– ஒரு வாசகர், ஸ்காபரோ

பதில்: குழு முகாமையே எடுங்கள். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களின் சாதாரணக் கூடார இடம் ஒன்றில் பொதுவாக ஆறு பேர் வரைதான் தங்கலாம். அவ்விடங்களுக்கான முன்பதிவு ஐந்து மாதங்களுக்கு முன்னரே காலை ஏழு மணிக்குத் திறக்கிறது. கோடைகால வார இறுதிகளுக்கு அருகருகே ஆறு இடங்களைப் பிடிப்பதென்றால், ஆறு பேர் ஆறு கணினிகளின் முன் ஒரே நேரத்தில் காத்திருக்க வேண்டும். அப்படியே கிடைத்தாலும் ஆறு அடுப்புகளும் ஆறு குளிர்பெட்டிகளும் ஆறு குப்பைப் பைகளும் ஆறு இடங்களில் இருக்கும். எதை யார் மூடி வைத்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. குழு முகாமின் பெரிய நன்மை மரத்தடி நிழலோ தனிமையோ அன்று, சமையல் ஓரிடத்தில் நடப்பதுதான் என்பது என் எண்ணம்.

அல்கொன்குவினில் நெடுஞ்சாலை 60 இன் வழியே மேற்கு வாயிலிலிருந்து ஏறத்தாழ 37 ஆவது கிலோமீட்டரில், வைற்ஃபிஷ் ஏரிக்கரையில், குழுக்களுக்கென்றே அமைந்த முகாம் இருக்கிறது. அங்குள்ள இடங்கள் 20, 30, 40 பேர் எனக் கொள்ளளவின்படி பிரிக்கப்பட்டுள்ளன. உங்கள் 34 பேருக்கு நாற்பதின் இடத்தைக் கேளுங்கள். கடைசி வாரத்தில் ஒரு மைத்துனர் குடும்பம் சேர்ந்துகொள்வது நம் வழக்கம். பதிவு செய்யும் முன் பூங்கா அலுவலகத்தோடு பேசி, கட்டணம், வாகனங்களின் எண்ணிக்கை, கழிவறை வசதி ஆகியவற்றை உறுதி செய்துகொள்ளுங்கள். யாருடைய பெயரில் அனுமதி இருக்கிறதோ அவரே முழுக் குழுவின் நடத்தைக்கும் பொறுப்பாளர் என்பதால், தலைவர் பதவிக்காக அல்லாமல் பொறுமைக்காகப் பெயர் பெற்ற ஒருவரின் பெயரில் எடுப்பது நல்லது.

மாதத்தைப் பொறுத்தவரை, மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் இறுதிவரை கரு ஈக்கள் கூட்டமாக வரும். ஓடும் நீரில் பெருகும் இச்சிறு பூச்சிகள் கடித்த இடம் நாள் கணக்கில் தடித்திருக்கும். ஜூனிலும் ஜூலையிலும் தேங்கிய நீரில் பிறக்கும் நுளம்புகளின் ஆட்சி. ஓகஸ்ட் பிற்பாதியில் இரண்டும் பெரும்பாலும் ஓய்ந்துவிடும், ஏரி நீரும் கோடை முழுவதும் பட்ட வெயிலால் குளிக்கத் தக்கதாக இருக்கும். நான் அதையே தெரிவு செய்வேன். எந்த மாதம் போனாலும் கறுப்பு, கருநீல உடைகளை வீட்டில் விட்டுவிட்டு, வெளிர் நிறத்தில் முழுக்கைச் சட்டைகளைக் கொண்டு செல்லுங்கள். இருண்ட நிறங்களைப் பூச்சிகள் நாடி வருகின்றன.

கேள்வி: முப்பது பேருக்கும் மேல் என்றால் பாணும் சொசேச்சும் போதாது. ஆட்டிறைச்சிக் கறி, மீன் குழம்பு, காலையில் இடியப்பம் என்று எங்கள் பெண்கள் பட்டியல் போட்டுவிட்டார்கள். கருவாடு பொரிக்கவும் ஒருவர் ஆசைப்படுகிறார். கரடி வரும் என்று என் மகள் பயமுறுத்துகிறாள். உண்மையா?
– ஒரு வாசகி, மார்க்கம்

பதில்: மகள் சொல்வது உண்மை, அம்மா. அல்கொன்குவின் கருங்கரடிகள் வாழும் காடு. அவை பொதுவாக மனிதரைக் கண்டால் விலகிப் போகும் பிராணிகள்தாம், ஆனால் அவற்றின் மோப்பசக்தி நாயினுடையதையும் மிஞ்சியது. ஒரு முகாமில் ஒருமுறை எளிதாக உணவு கிடைத்துவிட்டால் அதே இடத்திற்குத் திரும்பத் திரும்ப வரும். அவ்வாறு பழகிப்போன கரடி இறுதியில் சுட்டுக் கொல்லப்படுவதும் உண்டு. எனவே கறியை வெளியே விடுவது உங்களுக்கு மட்டும் தீங்கானதன்று.

இதற்காக ஆட்டிறைச்சியைத் துறக்க வேண்டியதில்லை. சமைப்பது வீட்டிலும் சூடாக்குவது காட்டிலும் என்று வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். கறியை இரண்டு நாள் முன்பே ஆக்கி, ஒரு நேரத்துக்குப் போதுமான அளவில் தட்டையான பைகளில் இட்டு உறைய வையுங்கள். அப்பைகளே குளிர்பெட்டியில் பனிக்கட்டியின் வேலையையும் செய்யும். பானங்களுக்கு ஒரு பெட்டி, இறைச்சிக்கு வேறொரு பெட்டி என்று பிரித்துவிடுங்கள். பிள்ளைகள் பத்து நிமிடத்துக்கொருமுறை திறந்து மூடும் பெட்டியில் இறைச்சி 4 பாகைக்குக் கீழே நிற்காது. முதல் இரவுக்குக் கட்டுச்சோறு போதும். கூடாரமடிக்கும் அவசரத்தில் அடுப்பு மூட்டுவதைப் போன்ற வேதனை வேறில்லை. இடியப்பம் அவிப்பதை என்னால் ஊக்குவிக்க முடியாது. முப்பத்து நான்கு பேருக்குப் பிழிந்து முடிப்பதற்குள் காலை ஏரியைப் பார்க்காமலேயே பாதிப் பெண்களுக்கு விடுமுறை கழிந்துவிடும். ரொட்டியை முன்கூட்டியே சுட்டு வெட்டிக் கொண்டுபோனால், ஒரு பெரிய தட்டும் இரண்டு ஆண்களும் இருந்தால் கொத்து ரொட்டி தயார். பாணுக்கு இடிச்ச சம்பலும் கெடாமல் வரும். ஒரே ஒரு கிடாரம், இரண்டு காஸ் அடுப்புகள், ஒரு தேநீர்க் கேத்தல்: இதற்கு மேல் பாத்திரம் வேண்டாம். கருவாடு மட்டும் வீட்டிலேயே இருக்கட்டும்.

சமையல் முடிந்தபின் நடப்பதுதான் முக்கியம். மணம் உள்ளது எல்லாமே விலங்குக்கு உணவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சக் கறி, எண்ணெய்ப் போத்தல், குப்பை, பற்பசை, சவர்க்காரம், குழந்தையின் பால்மாவு, தாத்தாவின் இருமல் மிட்டாய் எதுவும் இரவில் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது. குளிர்பெட்டியையும் மேசைமேல் விடாமல், கண்ணாடிகளை ஏற்றிப் பூட்டிய வாகனத்தினுள் வைக்க வேண்டும். நாம் கடையில் வாங்கும் சாதாரணப் பெட்டியைத் திறப்பது கரடிக்குப் பெரிய வேலையன்று. குப்பையை அன்றன்றே முகாமின் பொதுக் குப்பையிடத்தில் சேர்த்துவிடுங்கள். பாத்திரம் கழுவிய நீரை ஏரியில் ஊற்றாதீர்கள். பருக்கைகளை வடிகட்டிக் குப்பையில் போட்ட பின், நீரை அதற்கென்று காட்டப்பட்ட இடத்தில் ஊற்றுங்கள். இவை எல்லாவற்றையும் எல்லோரும் பார்ப்பார்கள் என்று விட்டால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். ஓர் ஆண்டு எங்கள் குழுவில் பதினொரு பெரியவர்கள் இருந்தும், பருப்புக் கறிச் சட்டி மேசையடியில் கிடந்தது. கரடி வரவில்லை, இரண்டு ரக்கூன்கள் வந்து சட்டியை உருட்டிய சத்தத்தில் முகாமே விழித்துக்கொண்டது. அதன் பின்னர் ஒவ்வோர் இரவும் இருவரை எழுத்தில் பொறுப்பாக்கி, கையில் டோர்ச்சோடு சுற்றிப் பார்த்த பின்னரே அவர்களைப் படுக்கவிடுகிறோம்.

கரடியை நேரில் கண்டுவிட்டால் ஓடக் கூடாது. பிள்ளைகளை அருகே சேர்த்து, அதன் பக்கம் முகம் வைத்தபடியே உரத்த குரலில் பேசிக்கொண்டு, மெல்லப் பின்னே நகர வேண்டும். அது போக வழிவிட்டு நில்லுங்கள். பின்னர் பூங்கா ஊழியர்களுக்கு அறிவிக்க மறக்காதீர்கள்.

கேள்வி: எழுபது வயதைக் கடந்த என் பெற்றோரையும் அழைத்துச் செல்லலாமா? இரவில் குளிருமென்றால் கூடாரத்துக்குள் சிறு காஸ் ஹீற்றர் வைக்கலாம் என்று நண்பர் சொல்கிறார்.
– ஒரு வாசகர், பிரம்டன்

பதில்: பெற்றோரை அழைத்துச் செல்லுங்கள், ஹீற்றரை விட்டுவிடுங்கள். கூடாரத்துக்குள் காஸ் ஹீற்றரோ அடுப்போ கரியோ எரிந்தால் கார்பன் மொனொக்சைட் சேரும். அதற்கு நிறமோ மணமோ கிடையாது. உறங்குபவர் விழிக்காமலேயே இறந்துபோகக்கூடும். அல்கொன்குவினில் ஜூலையிலும் இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்குவது உண்டு என்பதால், தடித்த உறங்குபை, கம்பளிக் காலுறை, தலைக்குத் தொப்பி ஆகியவை வேண்டும். குளிர் பெரும்பாலும் நிலத்திலிருந்தே ஏறுகிறது, எனவே மடிக்கும் கட்டிலை எடுத்தால் அதன் மீதும் ஒரு தடித்த விரிப்பு இடுங்கள். முதியவர்களின் கூடாரத்தைக் கழிவறைக்கு அருகே அமைத்து, கயிறுகளில் வெள்ளைத் துணி கட்டிவிடுங்கள். இருட்டில் தடுக்கி விழுவதே முகாம்களில் அவர்களுக்கு நேரும் பெரிய ஆபத்து. பகலில் அவர்களோடு நடப்பதற்கு நெடுஞ்சாலை 60 இன் 42.5 ஆவது கிலோமீட்டரிலுள்ள ஸ்புரூஸ் பொக் நடைபாதை ஏற்றது. சில பகுதிகளில் சதுப்பின் மேல் பலகைப் பாலமாக அமைந்த அதன் நீளம் 1.5 கிலோமீட்டர்தான். அதற்கு அண்மையில், 43 ஆவது கிலோமீட்டரில், பூங்காவின் பார்வையாளர் நிலையமும் உள்ளது.

கேள்வி: பிள்ளைகள் பன்னிரண்டு பேர். நீந்தத் தெரிந்தவர்கள் நால்வர். கரையோரம் ஆழமில்லை என்கிறார்கள். கனூவிலும் ஏற விரும்புகிறார்கள்.
– ஒரு வாசகி, ஏஜக்ஸ்

பதில்: ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களின் நீராடு கரைகளில் உயிர்காப்பாளர் பணியில் இருப்பதில்லை. இதை அறியாமலேயே நம்மவர் பலர் போகிறார்கள். கூட்டம் பெரிதாகும்போது ஒவ்வொரு பெரியவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று எண்ணிவிடுவதால், முப்பது பேர் இருக்கும் கரை மூன்று பேர் இருக்கும் கரையைவிடப் பாதுகாப்பானது என்று நம்பிவிடாதீர்கள். அரை மணிக்கு இருவர் என்று முறை வைத்து, அந்த அரை மணியில் அவர்கள் கைப்பேசியைத் தொடாமல் நீரை மட்டும் பார்க்க வேண்டும். நீந்தத் தெரியாத பிள்ளை கரையோரத்தில் விளையாடினாலும் உயிர்காப்பு அங்கி அணியட்டும். கனூவில் ஆளுக்கொரு அங்கி இருப்பது சட்டம். நான் அதை அணிந்திருப்பதையே நிபந்தனையாக்குவேன். பல பூங்காக்களில் அங்கிகளை இரவல் தருகிறார்கள், வாயிலில் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: வீட்டுப் பின்வளவில் வெட்டிய மரம் நிறைய இருக்கிறது. விறகாகக் கொண்டுபோகலாமா?
– ஒரு வாசகர், பிக்கரிங்

பதில்: கூடாது. பட்டையின் அடியில் புழுக்கள் ஒளிந்திருக்கும். 2002 ஆம் ஆண்டில் வின்சர் பகுதியில் கண்டறியப்பட்ட மரகத நிற ஆஷ் வண்டு, ஒன்ராறியோவில் எண்ணற்ற ஆஷ் மரங்களைக் கொன்றுவிட்டது. அது தொலைதூரம் பரவியதற்கு விறகு ஏற்றிச் சென்ற வாகனங்களும் ஒரு காரணம். விறகைப் பூங்காவிலேயே வாங்குங்கள். காட்டில் கிடக்கும் கிளைகளையும் பொறுக்காதீர்கள். நெருப்புத் தடை நடைமுறையில் இருந்தால் விறகே வேண்டியிராது என்பதால், புறப்படும் நாளில் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரவில் பாட்டுப் போடலாமா? ஓநாய்களின் ஊளையைக் கேட்க முடியும் என்கிறார்களே, அது எப்படி?
– ஒரு வாசகர், மிசிசாகா

பதில்: ஒலிபெருக்கி வேண்டாம். பகலோ இரவோ, பிறருக்குத் தொந்தரவாகும் சத்தத்தை விதிகள் அனுமதிப்பதில்லை. நீருக்கு மேலே சத்தம் வெகுதூரம் செல்லும், எதிர்க்கரையில் இருப்பவருக்கு உங்கள் பாட்டின் வரிகூடப் புரியும். கைதட்டிப் பாடிக்கொண்டு நெருப்பைச் சுற்றி இருங்கள். நள்ளிரவில் லூன் பறவை கூப்பிடுவதை முதன்முறை கேட்பவர் யாரோ அழுகிறார்கள் என்று எழுந்து உட்காருவார். நம் ஒரு டொலர் நாணயத்தில் 1987 முதல் இருப்பது அதே பறவைதான்.

ஓநாய் நிகழ்ச்சியைப் பூங்கா 1963 முதல் நடத்தி வருகிறது. ஓகஸ்ட் மாத வியாழக்கிழமைகளில், அதுவும் முந்தைய இரவு ஓநாய்க் கூட்டம் ஒன்று இருக்குமிடம் ஊழியர்களுக்குத் தெரிந்தால் மட்டுமே நடக்கும். மாலையில் திறந்தவெளி அரங்கில் விளக்கவுரை முடிந்தபின், நூற்றுக்கணக்கான வாகனங்கள் நெடுஞ்சாலையில் வரிசையாகச் சென்று ஓரமாக நிற்கும். எல்லோரும் இறங்கி அசையாமல் நிற்க, ஊழியர்கள் ஊளையிடுவார்கள். காட்டிலிருந்து பதில் வரலாம், வராமலும் போகலாம். ஆகவே ஸ்காபரோ வாசகரின் குழு வெள்ளிக்கு மாறாக வியாழனன்றே போய்ச் சேர்ந்தால் வாய்ப்பு உண்டு. நடக்குமா என்பதை அன்று பார்வையாளர் நிலையத்தில் கேட்டறியலாம். சிறு பிள்ளைகளை முன்கூட்டியே உறங்கவைத்து எழுப்பிச் செல்லுங்கள், வாகனக் கதவுகளைச் சாத்தாமல் மெல்ல ஒருக்களித்து விடுங்கள். ஒரு கதவு சாத்தும் சத்தம் போதும், ஓநாய்கள் வாயை மூடிக்கொள்ளும்.